டார்ஸ், அனகோண்டா: கழுத்தை நெரிப்பதில் பாதி வேலை எதிராளியின் தோளுக்கு

தரையில் மடக்கிப் பிடிக்கும் தற்காப்புக் கலையான பிரேசிலியன் ஜியு-ஜிட்சுவில், கழுத்தை நெரிக்கும் பிடிகளான (சோக்) டார்ஸ் சோக், அனகோண்டா சோக் இரண்டையும் புதிதாகப் பார்ப்பவருக்கு வித்தியாசம் பிடிபடாது. இரண்டிலும் எதிராளியின் தலையும் ஒரு கையும் ஒரே வளையத்துக்குள் மாட்டிக்கொள்ளும். தாக்குபவர் ஒரு கையால் தன் இன்னொரு கையின் புஜத்தைப் பற்றிப் பூட்டுவார். சில நொடிகளில் எதிராளி தட்டிச் சரணடைவார், இல்லையென்றால் மயங்குவார்.

இதற்குக் காரணம் மூச்சு அல்ல, ரத்தம். உடல் எடையில் மூளை சுமார் 2 சதவீதம்தான். ஆனால் ஓய்வில் உடல் செலவழிக்கும் ஆக்சிஜனில் ஏறத்தாழ 20 சதவீதம் அதற்கே போகிறது. கையிருப்பு என்று பெரிதாக எதுவும் கிடையாது. கழுத்தின் இரு பக்கமும் ஏறும் கரோட்டிட் தமனிகள்தான் பெரும்பங்கு ரத்தத்தைக் கொண்டுபோகின்றன. முதுகெலும்பின் துளைகள் வழியே ஏறும் வேறு இரண்டு தமனிகளுக்கு எலும்பே கவசம் என்றாலும், நினைவைத் தக்கவைக்க அவை மட்டும் போதாது. 1943-இல் ரோசன், கபாட், ஆண்டர்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் இளைஞர்களின் கழுத்தில் காற்றழுத்தப் பட்டையைக் கட்டி ரத்த ஓட்டத்தை நிறுத்திப் பார்த்தார்கள். சுமார் 7 நொடியில் நினைவு தப்பியது. மூச்சுக்குழாயை மட்டும் அடைத்தால் பல மடங்கு நேரமாகும், வலியும் அதிகம்.

தமனிகள் பக்கவாட்டில் இருப்பதால் அழுத்தமும் இரண்டு பக்கமும் விழ வேண்டும். பின்னாலிருந்து போடும் ரியர் நேக்கட் சோக்கில் முழங்கை மடிப்பு தொண்டைக்கு நேராக நிற்க, ஒரு பக்கத்தைப் புஜமும் மறுபக்கத்தை முன்கையும் அழுத்தும். 1993-இல் டென்வரில் நடந்த முதல் யுஎஃப்சி (கலப்புத் தற்காப்புக் கலைப் போட்டி) இறுதிப் போட்டியை ஜியு-ஜிட்சு வீரர் ராய்ஸ் கிரேசி முடித்தது இந்தப் பிடியில்தான்.

டார்ஸிலும் அனகோண்டாவிலும் தாக்குபவரின் கை ஒரு பக்கத்தை மட்டுமே பார்த்துக்கொள்கிறது. மறுபக்கத்தை அழுத்துவது எதிராளியின் சொந்தத் தோள். பாக்குவெட்டியின் ஒரு பிடியை அவரே கொடுத்துவிடுகிறார். தலையையும் ஒரு கையையும் கைகளால் வளைத்து இறுக்கும் ஆர்ம் டிரையாங்கிளும், கால்களால் போடும் டிரையாங்கிளும் இதே குடும்பம்தான்.

வித்தியாசம் கை நுழையும் வழியில் இருக்கிறது. டார்ஸில் தாக்குபவரின் கை எதிராளியின் அக்குளுக்கு அடியில் நுழைந்து, தொண்டைக்குக் குறுக்கே போய், கழுத்தின் மறுபக்கம் வெளிவரும். அனகோண்டாவில் கழுத்துப் பக்கம் நுழைந்து, அக்குள் வழியே வெளிவரும். அவ்வளவுதான், ஆனால் அதில் நிறையவே மாறிவிடுகிறது. டார்ஸில் கழுத்தில் பதிவது மணிக்கட்டை ஒட்டிய எலும்பு விளிம்பு. கை ஆழமாகப் போகாவிட்டால் அது தமனியை விட்டுவிட்டுத் தாடையை நசுக்கும். நீளமான கைக்காரர்களுக்கு இது வாகாக அமைகிறது. 2015-இல் யுஎஃப்சி போட்டியில் எட்சன் பார்போசாவை டோனி ஃபெர்குசன் மடக்கியதைப் பார்த்தால் புரியும். அனகோண்டாவில் கழுத்தோடு ஒட்டுவது முழங்கை மடிப்பை அடுத்த தடித்த பகுதி. பூட்டியதும் எதிராளியின் மாட்டிய கையின் பக்கமாக உருண்டு, அவருடைய கால்களை நோக்கி நகர்ந்தால் இறுகும். 2004-இல் ஜப்பானின் ப்ரைடு போட்டி மேடையில் அன்டோனியோ ரோட்ரிகோ நொகெய்ரா ஹீத் ஹெர்ரிங்கை வீழ்த்தியது இப்படித்தான்.

பிடி வேலை செய்யவில்லை என்றால் பலரும் கையை இன்னும் முறுக்குவார்கள். அது வீண். எதிராளியின் மாட்டிய கையின் முழங்கை அவருடைய நெஞ்சு நடுக்கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தாண்டாவிட்டால் தோள் கழுத்தைத் தொடவே தொடாது. எவ்வளவு பலம் போட்டாலும் ஒரு தமனி திறந்தே இருக்கும். ஆர்ம் டிரையாங்கிளில் சிக்கியவர் போன் பேசுவதைப் போல உள்ளங்கையைக் காதில் வைத்துக்கொள்வதும் இதற்காகத்தான்: தோளுக்கும் கழுத்துக்கும் நடுவே இடம் பிறக்கிறது.

சோக்கால் கரோட்டிட்டின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறார்கள். அரிதுதான், ஆனால் தாங்கிப் பார்க்கும் வீம்புக்கு இடமில்லை. இந்தப் பிடிகளில் ஒரு கை பூட்டுக்குள்ளும் மற்றது உடலுக்கு அடியிலும் சிக்கிக்கொள்ளும். அப்போது வாயால் சொல்லலாம், காலால் தரைவிரிப்பைத் தட்டலாம். மேலே இருப்பவர் எதற்கும் காத்திராமல், உடல் தளர்ந்த கணமே பிடியை விட வேண்டும்.