இருட்டில் கண் சொல்லும் உயரம்

சிறிய விமானங்களை ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் தொழில். பகலில் செம்மையாகத் தரையிறக்கும் மாணவர்கள், இருட்டிய பின் எந்தப் பதற்றமுமின்றி, சரியான உயரத்தில்தான் வருகிறோம் என்ற முழு நம்பிக்கையோடு ஓடுபாதையை எட்டுமுன்பே மிகவும் தாழ்ந்துவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். எனக்கு அச்சமூட்டுவது அந்த நம்பிக்கைதான்.

பகலில் மரம், வீடு, சாலை ஆகியவற்றின் அளவைக் கொண்டு கண் உயரத்தைக் கணிக்கிறது. கடலுக்கு மேலாகவோ மலேசியாவின் ஜொகூர் மாநிலச் செம்பனைத் தோட்டங்களுக்கு மேலாகவோ இரவில் வரும்போது இவை எதுவும் தெரிவதில்லை; கரிய பரப்புக்கு அப்பால் ஓடுபாதை விளக்குகள் மட்டுமே தெரிகின்றன. அளவுக்கு மீறிய உயரத்தில் இருப்பதாக மூளை தவறாக எண்ண, விமானியும் வேகமாகக் கீழிறங்குகிறார். நேர்கோட்டில் வரவேண்டிய விமானம் வில்லாக வளைந்து, ஓடுபாதைக்கு முன்பிருக்கும் நீரையோ மரங்களையோ நோக்கிச் செல்கிறது. போயிங் நிறுவன ஆய்வாளர் கான்ராட் கிராஃப்ட் 1960களில் பாவனைக் கருவியில் இதைச் சோதித்தபோது, அனுபவம் மிக்க விமானிகளே ஏமாந்தார்கள். ஆகவே புதியவர்களுக்கு மட்டும் உரிய பிழை என்று இதை ஒதுக்கிவிட முடியாது.

நம் வட்டாரத்தில் இன்னொன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஆண்டு முழுவதும் மாலை 7 மணியளவில் சூரியன் மறைகிறது. அந்தி வெளிச்சம் ஏறத்தாழ 20 நிமிடமே நீடிக்கிறது. புறப்பாடு சற்றுத் தாமதமானாலும், பகல் பயணமாகத் திட்டமிட்டது இரவுத் தரையிறக்கமாக முடியும். கண் இருளுக்கு முழுமையாகப் பழக 30 நிமிடம் வரை ஆகும். இடையில் கைப்பேசித் திரையைப் பார்த்தால் அந்தப் பழக்கம் கெட்டுவிடும்.

ஓடுபாதையின் பக்கத்தில் பாப்பி எனப்படும் நான்கு விளக்குகள் இருந்தால், கண்ணின் கணிப்பைவிட அவற்றையே நம்ப வேண்டும். இரண்டு வெள்ளையும் இரண்டு சிவப்பும் தெரிந்தால் இறங்குகோணம் சரி. மூன்று சிவப்பு என்றால் சற்றுத் தாழ்வு. நான்கும் சிவப்பென்றால் ஆபத்தான தாழ்வு. அவ்விளக்குகள் இல்லாத இடத்தில் உயரமானியைத் தொலைவோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்: 3 பாகை இறக்கத்தில், ஒவ்வொரு கடல்மைல் தொலைவுக்கும் ஓடுபாதை மட்டத்திலிருந்து ஏறத்தாழ 300 அடி உயரம் இருக்க வேண்டும். கணக்கு ஒத்துவராவிட்டால் விசையைக் கூட்டி மேலெழுந்து, மறுபடியும் சுற்றி வர வேண்டும். உடன் பயணிக்கும் உறவினரும் நண்பரும் அதைக் கண்டு பதறவோ விமானியை அவசரப்படுத்தவோ கூடாது என்பதால், இதை அவர்களிடம் புறப்படுமுன்பே சொல்லிவிடுமாறு என் மாணவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன்.