டேட்டம்: பொருளும் தமிழும்

நிலப்பட மென்பொருளில் ஓர் அடுக்கின் (சாலை, ஆறு போன்ற ஒருவகைத் தரவின்) பண்புகளைத் திறந்தால் கண்ணில் படும் சொல் டேட்டம். லத்தீனில் ‘கொடுக்கப்பட்டது’ என்று பொருள். இதன் பன்மைதான் டேட்டா. அதற்கு நாம் வழங்கும் ‘தரவு’ என்ற சொல்லும் ‘தரு’ என்னும் வினையடியில் பிறந்ததே. ஆனால் நில அளவையில் டேட்டம் என்பது தரவு அன்று. தரவை எதன்மேல் நிறுத்தி அளந்தோம் என்பது.

பூமி சீரான உருண்டை இல்லை. கணக்கு வசதிக்காக அதைத் துருவங்களில் சற்றே தட்டையான கோளமாகக் கொள்கிறார்கள். அந்தக் கோளம் எவ்வளவு பெரியது, அதன் மையம் எங்கே, எப்படித் திருப்பி அமர்த்தப்பட்டுள்ளது என்பதெல்லாம் முடிவான பிறகே அட்சரேகை, தீர்க்கரேகை எண்களுக்குப் பொருள் வரும். இந்த முடிவுகளின் தொகுப்பே டேட்டம். ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84 என்ற டேட்டத்தில் நடுக்கோட்டு ஆரம் 6378137 மீட்டர். இந்திய நில அளவைக்குப் பயன்பட்ட, 1830-ஆம் ஆண்டின் எவரெஸ்ட் கோளத்தில் இது சுமார் 861 மீட்டர் குறைவு. ஆகவே ஒரே எண் இரண்டு டேட்டங்களில் இரண்டு இடங்களைக் காட்டும். ஜப்பான் 2002-இல் பழைய டோக்கியோ டேட்டத்தைக் கைவிட்டபோது, தலைநகரில் இந்த வேறுபாடு ஏறக்குறைய 450 மீட்டர்.

டேட்டம் மாறிப்போன பிழையைக் கண்டுபிடிப்பது எளிது. சாலை, ஆறு, கட்டடம் எல்லாமே ஒரே திசையில், ஒரே தொலைவு நகர்ந்திருந்தால் முதலில் டேட்டத்தைச் சந்தேகிக்க வேண்டும். மொத்த அடுக்கும் ஆப்பிரிக்காவை ஒட்டிய கினி வளைகுடாவில், சுழியம்-சுழியம் புள்ளியருகே சுருங்கிக் கிடந்தால் அது வேறு கோளாறு: பாகை எண்களை மென்பொருள் மீட்டராக எடுத்துக்கொண்டிருக்கிறது. நிலப்படத் தரவைச் சேமிக்கும் ஷேப்ஃபைலோடு, அதன் அளவை விவரத்தைச் சொல்லும் பிஆர்ஜே கோப்பும் வர வேண்டும்; அது விடுபட்டால் இரண்டுமே நேரலாம். கியூஜிஐஎஸ் என்ற நிலப்பட மென்பொருளில் ‘செட் லேயர் சிஆர்எஸ்’ கட்டளை, அடுக்கின் சிஆர்எஸ் (டேட்டம் உள்ளிட்ட ஆய முறை) எது என்று சொல்லும் பெயர்ச்சீட்டை மட்டுமே மாற்றும்; எண்கள் அப்படியே இருக்கும். எண்களை மாற்றிக் கணக்கிடுவது ‘ரீபுராஜெக்ட் லேயர்’. சரியான சீட்டு உள்ள அடுக்கில் முதல் கட்டளையைக் கொடுத்துத்தான் பலரும் நல்ல தரவைக் கெடுக்கிறார்கள்.

டேட்டத்தைத் தமிழில் ‘ஆதாரத் தளம்’ என்று எழுதலாம்தான். எனினும் ‘தளம்’ என்றதும் தட்டையான பரப்பு மனத்தில் வருகிறது. இங்கே பேசுவதோ வளைந்த கோளத்தைப் பற்றி. ‘அளவை ஆதாரம்’ பொருத்தமானது. கிடைநிலைக்கும் உயரத்துக்கும் இந்தச் சொல் பொதுவாக வரும். ஆனால் உயரத்துக்குத் தனி ஆதாரம் உண்டு: ஜிபிஎஸ் கணக்கிடும் கோள உயரமும் கடல்மட்ட உயரமும் ஒன்றல்ல, இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் இடைவெளி 100 மீட்டரைத் தாண்டுகிறது.

ஆயத்தொலைவுகளைப் பிறருக்கு அனுப்பும்போது ‘அளவை ஆதாரம்: டபிள்யூஜிஎஸ் 84, இபிஎஸ்ஜி 4326’ என்று கூடவே எழுதுங்கள் (இபிஎஸ்ஜி எண் என்பது ஆய முறையைக் குறிக்கும் குறியீட்டு எண்). துல்லியம் வேண்டிய வேலைக்கு அளந்த ஆண்டும் தேவை. ஆஸ்திரேலியக் கண்டத்தட்டு ஆண்டுக்குச் சுமார் 7 சென்டிமீட்டர் நகர்வதால், அந்நாட்டின் 1994, 2020 ஆதாரங்களுக்கு இடையே 1.8 மீட்டர் வேறுபாடு சேர்ந்துவிட்டது.