புள்ளியியலில் புள்ளி எங்கே இருக்கிறது?

தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்புக்கு வரும் மாணவிகளிடம் ஒவ்வோர் ஆண்டும் முதல் வகுப்பில் இரண்டு கேள்விகள் கேட்பேன். வடிவியல் என்றால் என்ன? "வடிவங்களைப் பற்றிய பாடம், டீச்சர்." பதில் சட்டென்று வந்துவிடும். அப்படியானால் புள்ளியியல் என்றால் என்ன? வகுப்பு விட்டத்தைப் பார்க்கத் தொடங்கிவிடும். அவர்கள் படித்த புள்ளியியலில் சராசரி உண்டு, பட்டை விளக்கப்படம் உண்டு, அட்டவணை உண்டு. புள்ளியை மட்டும் காணோம். ஆறாண்டு அதே பாடத்தைப் படித்து மதிப்பெண்ணும் வாங்கியவர்கள், அதன் பெயரை ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. நாளைக்கு மூன்றாம் வகுப்புக் குழந்தை ஒன்று இதே கேள்வியைக் கேட்டால் என்ன சொல்வார்கள்?

காரைக்குடிப் பக்கத்தில் பாடம் நடத்துவதில் எனக்கு ஒரு வசதி இருக்கிறது. அந்தக் கேள்விக்கான பதில் வகுப்பில் யாராவது ஒருத்தியின் வீட்டிலேயே இருக்கும். சென்ற ஆண்டு தேவகோட்டையிலிருந்து வந்த மாணவி தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினாள். "எங்கள் ஐயா கோயில் கூட்டத்துக்குப் போய்விட்டு வந்தால், இந்த வருடம் இத்தனை புள்ளி என்று சொல்வார், டீச்சர். அந்தப் புள்ளியா?"

அதே புள்ளிதான். நாட்டுக்கோட்டைச் செட்டியார்களான நகரத்தாருக்கு இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, பிள்ளையார்பட்டி என்று ஒன்பது நகரக் கோயில்கள். ஆண்பிள்ளை ஒருவனுக்குத் திருமணம் ஆனதும் அந்தப் புதுக் குடும்பம் அவனுடைய கோயில் கணக்கில் ஒரு புள்ளியாக ஏறுகிறது. கோயிலுக்கும் ஊருக்கும் செலுத்தும் புள்ளி வரி இந்தக் கணக்கை வைத்துத்தான். ஒரே வளவுக்குள் அப்பாவும் மணமான இரண்டு மகன்களும் இருந்தால் வீடு ஒன்று, புள்ளி மூன்று. ஆளை எண்ணாமல், வீட்டை எண்ணாமல், மணமான குடும்பத்தை எண்ணுவது என்று முதலில் முடிவு செய்துகொண்டு எண்ணுகிறார்கள். எதை எண்ணுகிறோம் என்பதை முதலில் தீர்மானிப்பதுதானே புள்ளியியலின் முதல் பாடம்!

தமிழில் புள்ளி என்ற சொல் வெறும் பொட்டோடு நின்றதில்லை. மெய்யெழுத்தின் தலையில் இருக்கிறது, மானின் முதுகில் இருக்கிறது, வாசல் கோலத்தில் இருக்கிறது. எண்ணத் தக்க ஆள் என்ற பொருளும் அதற்கு உண்டு. பெரும்புள்ளி, முக்கியப் புள்ளி என்று நாளிதழ்கள் எழுதுவது அந்தப் பொருளில்தான். இலங்கையில் தேர்வு மதிப்பெண்ணையே புள்ளி என்கிறார்கள். ஒன்றை எண்ணும்போது ஓர் அடையாளம் வைக்கிறோம், அடையாளத்தின் பெயர் எண்ணப்பட்டதற்கும் ஆகிவிடுகிறது.

ஆங்கிலச் சொல்லின் கதையும் ஏறத்தாழ இதே தடத்தில்தான் போகிறது. ஸ்டாடிஸ்டிக்ஸ் என்ற சொல்லுக்குள் இருப்பது ஸ்டேட், அதாவது அரசு. ஜெர்மனியில் காட்ஃப்ரீட் ஆகன்வால் 1749-இல் ஸ்டாடிஸ்டிக் என்று எழுதியபோது அது எண்களின் கலையாக இருக்கவில்லை. ஒரு நாட்டின் நிலைமையை விவரிக்கும் படிப்பு, அவ்வளவுதான். ஆங்கிலத்தில் அதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ஸ்காட்லாந்தின் ஜான் சின்க்ளேர். 160-க்கும் மேற்பட்ட கேள்விகளை எழுதி, ஊர் ஊராகத் தேவாலயப் போதகர்களுக்கு அனுப்பினார். வந்த பதில்கள் 1791 முதல் 1799 வரை 21 தொகுதிகளாக வெளிவந்தன. அரசாங்கத்தின் பெயரைத் தாங்கிய சொல்லுக்காக அங்கே எண்ணியவர்கள் தேவாலயத்துக்காரர்கள், இங்கே எண்ணுகிறவர்கள் கோயில்காரர்கள். இதைச் சொன்னபோது தேவகோட்டைப் பெண்ணின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் புள்ளியியல் என்பதே பாடநூலிலும் அரசுத் துறைப் பெயரிலும் நிலைத்துவிட்டது. இலங்கையில் புள்ளிவிபரவியல் என்பார்கள். நம்முடையது சிறிய சொல், அதனால் எனக்குப் பிடிக்கும். புள்ளிவிவரம் என்பதைத் திரட்டிய தகவலுக்கும், புள்ளியியல் என்பதைப் படிப்புக்கும் வைத்துக்கொண்டால் குழப்பம் இல்லை.

அதன் கிளைச் சொற்களில் தரவு மிக நேர்த்தியானது. 'தா' என்பதிலிருந்து பிறந்தது. ஆங்கிலத்தில் டேட்டா என்கிற இலத்தீன் சொல்லுக்கும் 'தரப்பட்டவை' என்றுதான் பொருள். சராசரியோ உருது வழியாக வந்து ஒட்டிக்கொண்ட சொல். பாரசீகத்தில் சராசர் என்றால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை. என் மாணவிகள் அதைச் 'சரி' என்பதோடு சேர்த்துப் பொருள் சொல்வார்கள். சொற்பிறப்பாகப் பார்த்தால் தவறு, வகுப்பறைக்கோ பொன்னான தவறு. ஐந்து பேர் கையில் 3, 7, 5, 9, 6 புளியங்கொட்டைகள் இருக்கின்றன. கூட்டி வகுக்கச் சொல்லாமல், எல்லார் கையிலும் சரியாக இருக்கும்படி மாற்றிக்கொள்ளுங்கள் என்றால் போதும். ஒன்பது வைத்திருப்பவள் மூன்று வைத்திருப்பவளுக்கு மூன்றைக் கொடுப்பாள், ஏழு ஐந்துக்கு ஒன்று கொடுக்கும், எல்லார் கையிலும் ஆறு. சூத்திரம் அதன் பிறகு வரட்டும். இந்தச் சொல்லுக்குத் தனித்தமிழ் தேடி அலைய வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

முகடு இன்னும் சுவையானது. ஓட்டு வீட்டின் இரண்டு சரிவும் சேரும் உச்சி. ஆங்கிலேயப் புள்ளியியல் அறிஞர் கார்ல் பியர்சன் 1895-இல் மோட் என்று எழுதிய கருத்துக்கு நம் பாடநூல் இந்தக் கூரைச் சொல்லை எடுத்துக்கொண்டது. பலகாரங்களில் எது பிடிக்கும் என்று வகுப்பில் கேட்டுப் பட்டை வரைந்தால், உயர்ந்து நிற்கும் பட்டைதான் முகடு. வெள்ளைப் பணியாரத்துக்கும் கந்தரப்பத்துக்கும் சராசரி காண முடியாது, முகடு காணலாம். இந்த வேறுபாட்டை நூறு முறை விளக்கியும் ஏறாத தலையில், பலகாரத் தட்டு ஒரே நாளில் ஏற்றிவிட்டது.

வடிவியலுக்கு வருகிறேன். என் அப்பாவின் தலைமுறை இதைக் க்ஷேத்திர கணிதம் என்றுதான் படித்தது. எழுத்தைத் தமிழ்ப்படுத்திக் கேத்திர கணிதம் என்றும் எழுதினார்கள், இலங்கையில் அந்தப் பெயர் வழங்கிவருகிறது. க்ஷேத்திரம் என்றால் வயல், நிலம். ஜியோமெட்ரி என்ற கிரேக்கச் சொல்லிலும் 'ஜி' நிலம், 'மெட்ரான்' அளவு. இரண்டு மொழியும் வயல் வரப்பில்தான் தொடங்கியிருக்கின்றன. ஆனால் நம் காதில் க்ஷேத்திரம் என்றால் திருத்தலம். பாடத்தின் பெயரைக் கேட்டுவிட்டு ஏதோ யாத்திரை என்று நினைத்துக்கொண்ட கதையை அப்பா சொல்லிச் சிரிப்பார்.

வடிவியல் என்ற சொல்லில் நிலமும் இல்லை, அளவும் இல்லை. அது குறை என்று சிலர் சொல்வார்கள். தொடக்கப் பள்ளிக்கு அதுவே நிறை என்பது என் கட்சி. ஆறு வயதுக் குழந்தை அளக்கத் தொடங்குவதற்கு வெகுகாலம் முன்பே வடிவத்தைப் பார்க்கிறது. நெதர்லாந்தில் பியர் வான் ஹீலேயும் அவர் மனைவி டினாவும் 1957-இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் அளித்த ஆய்வுகள் இதைத்தான் படிப்படியாக விளக்கின. முதலில் குழந்தை முழுத் தோற்றத்தைப் பார்த்துப் பெயர் சொல்லும். பிறகு பக்கம், கோணம் என்று பண்புகளைக் கவனிக்கும். அதற்கும் பிறகுதான் ஒரு பண்பு இன்னொன்றை எப்படி உள்ளடக்குகிறது என்பது புரியும், சதுரமும் ஒரு செவ்வகமே என்பது அப்போதுதான் ஏறும். ஆசிரியர் மூன்றாம் படியில் நின்று பேசினால் முதல் படியில் இருக்கும் குழந்தைக்குக் கேட்காது.

இதில் வேடிக்கை, என் மாணவிகளே பலர் முதல் படியில் இருப்பார்கள். ஆத்தங்குடி ஓடு ஒன்றை மேசையில் வைத்தேன். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, வண்ணச் சிமெண்டைக் கையால் ஊற்றிச் செய்கிற அதே தரை ஓடு. "இது என்ன வடிவம்?" "சதுரம்." ஓட்டை ஒரு மூலை என்னைப் பார்க்கும்படி திருப்பினேன். "இப்போது?" "சாய்சதுரம்." "சதுரம் இல்லையா?" "இப்போது இல்லை, டீச்சர்."

தவறு அவர்களுடையது மட்டும் அல்ல, சொல்லுக்கும் அதில் பங்கு இருக்கிறது. சாய்சதுரம் என்று பெயர் வைத்தால், சதுரத்தைச் சாய்த்து வைத்தால் அதுவாகிவிடும் என்று யாருக்கும் தோன்றும். எனவே நான்கு ஈர்க்குச்சிகளை ஒரே நீளத்தில் நறுக்கி, மூலைகளில் நூலால் கட்டச் சொன்னேன். சதுரமாக நிறுத்திவிட்டு மேல் குச்சியைப் பக்கவாட்டில் மெல்லத் தள்ளினால் கோணம் நான்கும் கோணலாகும், பக்கங்கள் மாறா. சாய்வது என்றால் இந்தச் சாய்வு. ஓட்டை நான் சுழற்றினேனே தவிர, அதன் கோணம் எதையும் சாய்க்கவில்லை. பின்வரிசைப் பெண் ஒருத்தி குச்சியைத் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அப்படியென்றால் தள்ளாத சதுரமும் சாய்சதுரத்தில் சேர்த்திதானா, டீச்சர்? நான்கு பக்கமும் சமம்தானே?" அன்றைக்கு நான் வாங்கிய சம்பளம் செரித்தது.

செவ்வகம் இந்த வகையில் நல்ல சொல். செம்மை என்றால் நேர்மை. செங்கோணம், செங்குத்து எல்லாம் அந்தச் செம்மைதான். நீளம் அதிகம் என்று அந்தச் சொல் எங்கும் சொல்லவில்லை. முன்பு வழங்கிய நீள்சதுரம் என்ற சொல் சதுரத்தைக் கதவுக்கு வெளியே நிறுத்தியது, செவ்வகம் உள்ளே விட்டுவிடுகிறது. சொல்லை மாற்றியவர் யாரோ, கணிதம் அறிந்தவர்.

விட்டத்தைத் தனியே கற்பிக்க வேண்டியதில்லை. செட்டிநாட்டு வீட்டின் பர்மா தேக்கு விட்டம் சுவருக்குச் சுவர் குறுக்கே கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு, வட்டத்தின் குறுக்கே நடுப்புள்ளி வழியாகப் போகும் கோட்டின் பெயர் மறக்காது. நாண் வில்லிலிருந்து வந்தது, ஆரம் சக்கரத்திலிருந்து. மூலைமட்டம் கொத்தனார் பையிலிருந்து நேராகப் பாடநூலுக்குள் வந்துவிட்டது.

அந்த மூலைமட்டம் இருக்கும் பெட்டிக்குத்தான் வழி பிறக்கவில்லை. சென்ற மாதம் பயிற்சிக்காகக் கடைக்குப் போய் "வடிவியல் பெட்டி பத்து வேண்டும்" என்றேன். கடைக்காரர் விழித்தார். "கணித உபகரணப் பெட்டி" என்றேன், அரசு கொடுக்கும் பெட்டியின் பெயர். "பள்ளிக்கூடத்திலேயே கொடுப்பார்களே, ஆச்சி" என்றார். பக்கத்தில் நின்ற சிறுவன் "ஜியாமெட்ரி பாக்ஸ் கேட்கிறார்கள்" என்று சொன்ன பிறகுதான் பெட்டிகள் கீழே இறங்கின. திறந்து காட்டினார். "கவராயம், கோணமானி, மூலைமட்டம் ரெண்டு, எல்லாம் சரியாக இருக்கிறதா, பார்த்துக்கொள்ளுங்கள்."