துரு எங்கே ஒளிந்திருக்கிறது? பழைய பாம்பன் பாலம் காட்டும் பாடம்

பாம்பன் ரயில் பாலம் என்றதும் 1964 டிசம்பர் புயலைத்தான் எல்லோரும் சொல்வார்கள். பாலத்தைத் தாங்கும் இரும்பு உத்திரங்களான கர்டர்களில் 126 கடலோடு போயின, ரயில்வே பொறியாளர் ஈ. ஸ்ரீதரன் பொறுப்பேற்று 46 நாட்களில் மீண்டும் ரயிலை ஓடவைத்தார். மகத்தான வேலை. ஆனால் புயல் ஓரிரவில் ஓய்ந்துவிட்டது. உப்புக்காற்றோ, 1914 பிப்ரவரி 24-இல் பாலம் திறந்த நாள் முதலே அந்த இரும்பைத் தின்றுகொண்டிருந்தது. இரும்புக் கட்டுமானங்களைச் சோதிப்பதே தொழிலாகிப்போன எனக்கு இதுதான் பெரிய கவலை.

சுமார் 2 கி.மீ. நீளம். கப்பலுக்கு வழிவிட நடுவில் ஷெர்சர் வகைத் தூக்குப்பாலம். அதன் இரு பாதிகளும் வளைந்த அடிப்பாகத்தில் உருண்டு மேலே எழும். எதிர்முனையில் கனமான எடை இருப்பதால், தொழிலாளர்கள் நெம்புகோல்களைச் சுற்றியே தூக்கிவிடுவார்கள். 1964 புயலிலும் அந்தப் பகுதி நின்றது.

அந்தக் காலத்துப் பாலங்களில் வெல்டிங் கிடையாது. தகடு மேல் தகடு வைத்து, துளைவழியே ரிவெட் என்ற தலையுள்ள இரும்பு ஆணியை அடித்து இணைத்தார்கள். ஆபத்து அந்த இடுக்கில்தான். உள்ளே இறங்கிய உப்புநீர் எளிதில் காயாது. இரும்பு துருவானால் பல மடங்கு பருக்கும். தகடுகளைப் பிளக்கும், ரிவெட்டின் தலையைத் தெறிக்கவிடும். வெளியே பெயிண்ட் பளபளவென்றுதான் இருக்கும். அதனால் ரிவெட்டின் ஒரு பக்கம் விரலை வைத்து, மறுபக்கம் சிறு சுத்தியலால் தட்டுவோம். இறுக்கமானது கணீரென்று ஒலிக்கும். தளர்ந்தது விரலுக்கடியில் அதிரும்.

2007-இல் அகலப்பாதைக்கு மாறிய அந்தப் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் போக்குவரத்து நின்றுபோனது. 2025 ஏப்ரல் 6-இல் திறந்த புதிய பாலத்தில் இணைப்புகளை முழுக்க வெல்டிங் செய்திருக்கிறார்கள். இடுக்கே இல்லாவிட்டால் உப்புநீர் எங்கே தங்கும்?

கடலோர வீடுகளில் இரும்பு மாடிப்படிக்கும் தண்ணீர்த் தொட்டியின் தாங்கிக்கும் இதே கதிதான். பொங்கலுக்கு முன் துருவின் மேலேயே பெயிண்ட் அடிக்கும் பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள். உப்பை உள்ளே வைத்துப் பூட்டுகிறீர்கள். இரும்பு தெரியும்வரை சுரண்டி, நல்ல தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவிட்டு, பிரைமர் பூசி, அதன்பிறகு பெயிண்ட் அடியுங்கள். போல்ட் தலைக்கடியில் பழுப்புநிறக் கோடு வழிந்திருந்தாலோ, இரு தகடுகளுக்கிடையே வீக்கம் தெரிந்தாலோ பெயிண்டரை அழைக்காதீர்கள். முதலில் தொட்டியைக் காலி செய்துவிட்டு, விவரம் தெரிந்த பொறியாளரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.