இருமுனை மனநிலை நோய்: ஒரு சொல் விளக்கம்

‘இருமுனை மனநிலை நோய்’ என நான் தமிழாக்கும் ‘பைபோலார் டிசார்டர்’ என்ற ஆங்கிலத் தொடரில் ‘பை’ என்பது இரண்டைக் குறிக்கும் இலத்தீன் முன்னொட்டு. ‘போல்’ என்பது அச்சு எனப் பொருள்படும் ‘போலோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. மனம் சில காலம் கட்டுக்கடங்காமல் பொங்கி எழுவதும், சில காலம் வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ சோர்ந்து கிடப்பதும், இடையில் இயல்பாக இருப்பதுமாக மாறி மாறி வருவதே இந்நோய்.

பெயர் தெரியும் முன்பே இந்நோயை நான் அறிந்திருந்தேன். நள்ளிரவு இரண்டு மணிக்குப் பரணிலிருந்த பாத்திரங்களை எல்லாம் இறக்கிப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டே, மறுநாள் தொடங்கப்போகும் மூன்று வியாபாரங்களைப் பற்றி ஓயாமல் பேசிய அப்பாவும், அடுத்த மாதம் சுவரைப் பார்த்துப் படுத்தபடி, நான் வைத்த காபியில் ஆடை படியும்வரை கை நீட்டாத அப்பாவும் ஒருவர்தாம் என்பதை ஒரு பிள்ளைக்கு யாரும் விளக்கிச் சொல்லவில்லை. நான் மதிப்பெண் குறைவாக வாங்கியதால்தான் படுத்துவிட்டார் என்று நெடுங்காலம் நம்பினேன்.

1850-களில் பிரெஞ்சு மருத்துவர் பால்ரே இதனை ‘வட்டப் பித்து’ என்ற பொருளில் பெயரிட்டார். எழுச்சியும் சோர்வும் இரு நோய்கள் அல்ல, ஒன்றன் சுழற்சியே என்பதை அச்சொல் உணர்த்தியது. பின்னர் ஜெர்மானியரான கிரெப்பலின் ‘பித்து–சோர்வு’ என இணைத்தார். 1957-இல் ஜெர்மானிய மனநல மருத்துவர் லியோன்ஹார்டு, ஒரு நிலை மட்டும் வருவதை ஒருமுனை என்றும் இரண்டும் வருவதை இருமுனை என்றும் பிரித்தார். 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு ‘பைபோலார்’ என்பதையே ஏற்றது.

தமிழில் ‘பித்து’ என்பதும் பித்தத்தோடு பிறந்த சொல்லே. ‘பெற்ற மனம் பித்து’ என்னும்போது அது அன்பாகிறது. தெருவில் ஒருவரைப் பார்த்துச் சொல்லும்போது வசையாகிவிடுகிறது. ஆகவே நோய்ப்பெயராக அது வேண்டாம். ‘இருதுருவம்’ என்பதும் பொருந்தவில்லை. ‘துருவ’ என்ற வடசொல்லுக்கு அசையாதது என்றே பொருள், இந்நோயோ அசைவே உருவானது. ‘முனை’ நேரான சொல்.

சிக்கல் ‘டிசார்டர்’ என்ற பின்பாதியில்தான். ‘கோளாறு’ என்றால் மோட்டார் நினைவுக்கு வருகிறது. ‘பிறழ்வு’ கலைச்சொல்லாகப் பரவியிருந்தாலும், ஒழுக்கம் பிறழ்தல், பிறழ்சாட்சி என வழங்கும் மொழியில், பெற்றவர் தவறு செய்தார் என்றே அது பிள்ளையின் காதில் விழும். ‘நோய்’ என்றால் குற்றவாளி எவருமில்லை. மருந்துண்டு, மருத்துவர் உண்டு. சோர்வுநிலையை ‘மன அழுத்தம்’ என எழுதுவதும் பிழை. அது நெருக்கடியைக் குறிப்பது, இதற்கு ‘மனச்சோர்வு’ என்பதே சரி.

அண்மையில், இந்நோய்க்குத் தரும் லித்தியம் என்ற மருந்தின் அளவைப் பார்க்கும் இரத்தப் பரிசோதனைக்கு அப்பாவை அழைத்துச் சென்றேன். படிவத்தில் ‘இருமுனை மனநிலை நோய்’ என்று எழுதிக் கொடுத்தேன். அவர் அதை ஒருமுறை வாய்க்குள் படித்துப் பார்த்துவிட்டு, கீழே கையெழுத்திட்டார்.