கேனான் ஆர்50, ஆர்100: பெட்டியில் எழுதாத வித்தியாசங்கள்

முதல்முறையாக மிரர்லெஸ் கேமரா வாங்கப்போகிறவர்கள் என்னிடம் கேட்பது இப்போதெல்லாம் ஒரே கேள்விதான்: "அண்ணா, கேனான் ஆர்50 எடுக்கவா, இல்ல ஆர்100 போதுமா?" கேட்கும்போதே போனில் இரண்டு கேமராக்களின் விவரப் பட்டியலும் ஸ்கிரீன்ஷாட்டாக இருக்கும். அந்தப் பட்டியலைப் பார்த்தால் யாருக்கும் குழப்பம் வரும். ஆர்50 அறிவிக்கப்பட்டது 2023 பிப்ரவரியில், ஆர்100 அதே ஆண்டு மே மாதத்தில். இரண்டிலும் 24 மெகாபிக்சல், ஏபிஎஸ்-சி சென்சார், அதாவது ஃபுல்பிரேம் என்னும் பெரிய சென்சாரைவிடச் சின்னது. இரண்டிலும் 4கே வீடியோ என்று போட்டிருக்கும். கூட வரும் கிட் லென்ஸ் ஒன்றே, 18-45 மி.மீ. பேட்டரியும் ஒன்றே, எல்பி-இ17. எடைகூட பேட்டரி, கார்டு சேர்த்து 375 கிராமும் 356 கிராமும். அப்புறம் எதற்குக் கூடுதல் பணம் என்று தோன்றத்தானே செய்யும்?

நான் முதலில் திருப்பிக் கேட்பது, வீடியோ எடுப்பீர்களா என்றுதான். "எப்பவாவது" என்று பதில் வந்தால் மேலே பேசலாம். "யூடியூப் சேனல் ஆரம்பிக்கப்போறேன்" என்று வந்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். ஆர்100 வேண்டாம்.

காரணம் அந்த 4கே என்ற சொல்லுக்குள் இருக்கிறது. இரண்டு சென்சாரும் அகலவாக்கில் 6000 பிக்சல். 4கே வீடியோவுக்குத் தேவை 3840 பிக்சல்தான். ஆர்50 முழு 6000 பிக்சலையும் படித்து, அதைச் சுருக்கி 4கே ஆக்குகிறது. அதனால் படம் நறுக்கென்று இருக்கும், லென்ஸ் காட்டும் அகலமும் குறையாது. நொடிக்கு 30 பிரேம் வரை எடுக்கலாம். ஆர்100 சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்கிறது, நொடிக்கு 24 அல்லது 25 பிரேமில். ஓரங்கள் போய்விடும். கடையில் இதைச் சோதிக்க ஒரு நிமிடம் போதும். கிட் லென்ஸை 18 மி.மீ.யில் வைத்து வீடியோ மோடுக்குப் போங்கள். ஃபுல் எச்டியில் கடைக்காரரின் மேஜை முழுக்கத் தெரியும். 4கேக்கு மாற்றுங்கள், மேஜையின் இரண்டு ஓரமும் காணாமல் போய், பில் போடுகிறவரின் முகம் குபீரென்று பக்கத்தில் வந்து நிற்கும். ஃபுல்பிரேம் கணக்கில் சொன்னால் 29 மி.மீ.யாக இருந்த கோணம் 45 மி.மீ. பக்கம் போய்விடுகிறது. சின்ன சமையலறையில் ட்ரைபாடைச் சுவரோடு ஒட்டி வைத்தாலும் அடுப்பும் ஆளும் ஒரே பிரேமில் வரமாட்டார்கள்.

அதைவிட முக்கியமானது ஃபோகஸ். கேனானின் பெயரைக் காப்பாற்றும் டூயல் பிக்சல் ஆட்டோஃபோகஸ், ஆர்100இல் 4கே வீடியோவுக்கு வேலை செய்யாது. பழைய கான்ட்ராஸ்ட் முறைதான். முன்னே பின்னே தேடித் தேடி வந்து நிற்கும். அந்தத் தேடல் அப்படியே வீடியோவில் பதிவாகும். ஃபுல் எச்டியில் இந்தப் பிரச்சினை இல்லை. ஆகவே ஆர்100ஐ ஃபுல் எச்டி கேமரா என்று நினைத்து வாங்கினால் ஏமாற்றம் இருக்காது. ஸ்லோ மோஷன் கேட்பவர்களுக்கும் ஒரு வரி: ஆர்50இல் நொடிக்கு 120 பிரேம் ஃபுல் எச்டியில் கிடைக்கும், ஆர்100இல் அதற்கும் கீழே வெறும் எச்டியில்தான்.

பிறகு திரை. ஆர்50இன் திரை வெளியே திரும்பும், தொட்டால் கேட்கும். ஆர்100இன் திரை முதுகோடு ஒட்டியது, தொட்டால் ஒன்றும் நடக்காது. போனில் வளர்ந்த தலைமுறைக்கு இது எவ்வளவு எரிச்சல் என்பது வாங்கிய அன்று சாயங்காலமே தெரிந்துவிடும். ஃபோகஸ் புள்ளியை நகர்த்த அம்புக்குறி பட்டனை அமுக்கி அமுக்கிப் போக வேண்டும். தரையில் தவழும் குழந்தையை எடுக்க நீங்களும் தரையில் படுக்க வேண்டும். தனியாக உட்கார்ந்து தன்னையே எடுத்துக்கொள்கிறவர் தன் தலை பிரேமுக்குள் இருக்கிறதா என்று எழுந்துபோய்ப் பார்க்க வேண்டும். வீட்டிலிருந்து கவரிங் நகை, புடவை விற்கிறவர்களுக்கு ஆர்50இல் இன்னொரு வசதியும் உண்டு. பொருளைக் கையில் எடுத்து லென்ஸ் பக்கம் நீட்டினால் முகத்தை விட்டுப் பொருளுக்கு ஃபோகஸ் மாறும் ஒரு மோடு. ஆர்டர் அதை நம்பித்தான் வருகிறது என்றால் அது சின்ன விஷயமில்லை.

இதுவரை படித்தவர்கள் ஆர்50தான் என்று முடிவு கட்டியிருப்பீர்கள். போட்டோ மட்டும் எடுக்கிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள்.

போட்டோவின் தரத்தில் இரண்டுக்கும் பெரிய இடைவெளி கிடையாது. நல்ல வெளிச்சத்தில் ஒரே லென்ஸ் போட்டு எடுத்த இரண்டு படங்களைக் காட்டி எது எதில் எடுத்தது என்று கேட்டால் தொழில் செய்கிறவர்களே தடுமாறுவார்கள். ஆர்50 ஆளை, நாய் பூனையை, பறவையை, வண்டியை அடையாளம் கண்டு விடாமல் துரத்தும். ஆர்100 மனித முகத்தையும் கண்ணையும் பிடிக்கும், அவ்வளவுதான். ஒரே ஆள் நின்று போஸ் கொடுத்தால் அது போதும். நாலு பேர் குறுக்கே ஓடும்போது ஆர்100 யாரைப் பிடிப்பது என்று திணறும். விளையாட்டு, பறவை என்றால் ஆர்50தான் எடுக்க வேண்டும். அதிலும் RAW என்னும் பதப்படுத்தாத ஃபைலாகத் தொடர்ந்து அமுக்கினால் நொடிப்பொழுதில் பஃபர் (படங்கள் கார்டுக்குப் போகும்முன் தங்கும் இடம்) நிறைந்து மூச்சு வாங்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

ஆனால் நம் வீடுகளில் படம் எடுக்கப்படுவது எங்கே? காதுகுத்து நடக்கும் கோவில் மண்டபம், டியூப்லைட் மட்டும் எரியும் ஹால், ராத்திரி பிறந்தநாள் கேக். இங்கேதான் கிட் லென்ஸ் கையை விரிக்கிறது. 45 மி.மீ.க்கு ஜூம் செய்தால் அதன் துவாரம் எஃப்/6.3க்கு மேல் திறக்காது (எஃப் எண் குறையக் குறையத் துவாரம் பெரிது). கேமரா வேறு வழியில்லாமல் ஐஎஸ்ஓவை, அதாவது வெளிச்ச உணர்திறனை, ஏற்றும், படம் மணல் தூவியதுபோல் வரும். "என் போனே இதைவிட நல்லா எடுக்குதே" என்ற புலம்பல் இங்கிருந்துதான் கிளம்புகிறது. போன் பல பிரேம்களை எடுத்து ஒன்றாக்கித் தப்பித்துக்கொள்கிறது. கேமரா வழக்கமான மோடுகளில் அப்படிச் செய்வதில்லை, அதற்கு லென்ஸ் வழியாக வெளிச்சம் வந்தாக வேண்டும்.

இந்தக் கேமராக்களில் லென்ஸ் மாட்டும் வாய்க்கு ஆர்எஃப் மவுன்ட் என்று பெயர். அதற்கு ஆர்எஃப் 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் ஒன்று இருக்கிறது. எடை 160 கிராம். எஃப்/6.3க்கும் எஃப்/1.8க்கும் கணக்குப் போட்டால் சுமார் 12 மடங்கு வெளிச்சம். கிட் லென்ஸில் ஐஎஸ்ஓ 6400 கேட்ட இடத்தில் இதில் 500 சொச்சம் போதும். பின்னணி கலங்கி ஆள் தனித்துத் தெரிவதும் இதில்தான், நீங்கள் கேமரா வாங்க ஆசைப்பட்டதே பெரும்பாலும் அந்த ஒன்றுக்காகத்தான். இந்த லென்ஸின் விலை, இரண்டு கேமராக்களுக்கும் நடுவே உள்ள விலை வித்தியாசத்துக்குப் பக்கத்தில்தான் பெரும்பாலும் நிற்கும். பண்டிகைச் சலுகையில் ஏறும் இறங்கும், வாங்கும் அன்று கூட்டிப் பாருங்கள். ஆக நீங்கள் ஒப்பிட வேண்டியது ஆர்50 கிட்டையும், ஆர்100 கிட் கூட 50 மி.மீ. லென்ஸையும். குடும்பப் படங்கள், போர்ட்ரெய்ட் மட்டும் என்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு இரண்டாவதைச் சொல்வேன். ஒரே ஒரு எச்சரிக்கை. இந்த லென்ஸில் ஆட்டம் தாங்கும் வசதி இல்லை, இரண்டு பாடியிலும் இல்லை. ஷட்டரை 1/100 நொடியைவிட மெதுவாக வைக்காதீர்கள்.

வீட்டில் பழைய கேனான் 200டி, 1500டி போன்றவை தூங்கிக்கொண்டிருந்தால் அந்த லென்ஸ்களை இஎஃப்-ஆர் அடாப்டர் போட்டு இரண்டிலும் மாட்டலாம், ஆட்டோஃபோகஸும் வேலை செய்யும். அப்போது புது லென்ஸ் செலவே இல்லை. 200டியின் பேட்டரியும் அப்படியே பொருந்தும். ஆர்எஃப் மவுன்ட்டுக்கு வேறு கம்பெனி லென்ஸே கிடையாது என்ற பேச்சு பழசு. 2024இல் சிக்மாவும் டாம்ரானும் இந்தச் சின்ன சென்சார் கேமராக்களுக்கு ஆட்டோஃபோகஸ் லென்ஸ்களைக் கொண்டுவந்துவிட்டன. சிக்மாவின் 18-50 எஃப்/2.8ஐ ஒருமுறை மாட்டிப் பாருங்கள், கிட் லென்ஸைத் திரும்பத் தொடமாட்டீர்கள்.

கல்யாண வேலைக்கு அசிஸ்டென்ட்டாகச் சேரப்போகிற தம்பிகளுக்குத் தனியாக ஒரு விஷயம். ஆர்50இன் தலையில் இருப்பது ஃபிளாஷ் மாட்ட நாம் பழகிய ஹாட் ஷூ இல்லை. ஸ்டுடியோவில் இருக்கும் பழைய ஃபிளாஷ், தள்ளி நிற்கும் ஃபிளாஷை எரியவைக்கும் ட்ரிக்கர் எதுவும் நேரடியாக அதில் எரியாது. ஏடி-இ1 என்ற அடாப்டரைத் தனியாக வாங்கி மாட்ட வேண்டும். கடையில் யாரும் இதை வாய்விட்டுச் சொல்வதில்லை. எந்தக் கேமராவை வாங்கினாலும் உங்கள் ட்ரிக்கரைக் கையோடு எடுத்துப்போய் மாட்டி, வெளிச்சம் அடிக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். இன்னொன்று, இரண்டிலும் கார்டு ஸ்லாட் ஒன்றுதான். அதுவும் அடியில், பேட்டரி கதவுக்குள். ட்ரைபாட் பிளேட் மாட்டியிருந்தால் கார்டை எடுக்கக்கூட அதைக் கழற்ற வேண்டும். கார்டு செத்தால் தாலி கட்டிய படம் போச்சு. ஆகவே அடுத்தவர் வீட்டுக் கல்யாணத்தை இவற்றில் ஒன்றை மட்டும் நம்பிக் காசு வாங்கிக்கொண்டு எடுப்பதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். கத்துக்கொள்ள, கூட நின்று கேண்டிட் எடுக்க, தாராளமாக.

ஆர்50இல் சத்தமே வராத எலக்ட்ரானிக் ஷட்டர் உண்டு. மண்டபத்து எல்இடி விளக்கில் அதை வைத்து எடுத்தால் படத்தில் கறுப்புப் பட்டைகள் விழும், வேகமாக ஓடுகிற ஆளின் கால் வளையும். அங்கே சாதாரண ஷட்டருக்கு மாற்றிவிடுங்கள். வீடியோ எடுக்கும்போது மெனுவில் வீடியோ முறையை PAL என்று வைத்து ஷட்டரை 1/50 அல்லது 1/100இல் நிறுத்துங்கள்; நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விளக்கு மினுக்குவது பெரும்பாலும் அடங்கும்.

கார்டில் வீண் செலவு வேண்டாம். இரண்டு கேமராவும் யூஎச்எஸ்-1 வேகம்தான், அதைவிட விலை கூடின யூஎச்எஸ்-2 கார்டு போட்டாலும் கேமரா வேகமாகாது. ஆர்50இன் 4கே வீடியோ நொடிக்கு 15 எம்பி அளவுதான் எழுதுகிறது. வி30 என்று போட்ட கார்டு அதில் இரண்டு மடங்கு தாங்கும். 64 ஜிபியில் ஒரு மணி நேரம் பக்கம் வரும். "பேக், ட்ரைபாட், கார்டு எல்லாம் ஃப்ரீ" என்கிற காம்போவில் வரும் கார்டை மட்டும் நம்பாதீர்கள். வீட்டில் அதை முழுக்க நிரப்பி, எல்லா ஃபைலும் திறக்கிறதா என்று பார்த்துவிட்டே விசேஷத்துக்கு எடுத்துப்போங்கள்.

பில் விஷயத்தில் கூச்சப்படவே கூடாது. கேமராவில் உள்ள சீரியல் நம்பர், பெட்டியில் உள்ளது, ஜிஎஸ்டி பில்லில் உள்ளது, மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். "பில் இல்லாம எடுத்தா ரெண்டாயிரம் குறைச்சுத் தரேன், நம்ம கடை வாரன்டி இருக்கு" என்றால், அது பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வந்த பீஸாக இருக்கும். பழுதானால் இங்குள்ள கம்பெனி சர்வீஸ் சென்டரில் வாரன்டி கேட்க முடியாது. பெட்டியைப் பிரித்ததும் பாடி மூடியைக் கழற்றி சென்சாரை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், தூசியோ கைரேகையோ இருந்தால் அது டிஸ்ப்ளேயில் கிடந்த பீஸாக இருக்கலாம். வேறு பெட்டி கேளுங்கள்.