"நாங்க வீட்டுல அரசியலே பேசறதில்ல டாக்டர்"

இந்த மாதத்தில் மட்டும் நான்கு பெற்றோர் இதைச் சொல்லிவிட்டார்கள். குழந்தைகள் மனநல மருத்துவருக்கு முகத்தில் எதையும் காட்டாமல் உட்காரத் தெரிய வேண்டும். எனக்கு அது குறைந்துகொண்டே வருகிறது.

கடைசியாக வந்தவன் பத்து வயதுப் பையன். வகுப்பில் ஒருவனிடம் "உங்கம்மா ஓசி பஸ்ஸு" என்று சொல்லி, கைகலப்பாகி, உதடு கிழிந்திருந்தது. தனியாகக் கேட்டபோது சாவகாசமாகச் சொன்னான்: "எங்கப்பா டாக்ஸ் கட்றாரு, அவங்க ஓசில போறாங்க." யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. காலையில் காரில் போகும்போது சிக்னலில் பிங்க் பஸ் முன்னால் நின்றால் அப்பா முணுமுணுப்பாராம்.

2021இலிருந்து இருக்கும் மகளிர் இலவசப் பயணம் சரியா தவறா என்று பெரியவர்கள் சண்டை போடலாம். ஆனால் இவனிடம் பேச்சு வாங்கிய அந்த இன்னொரு பையனின் அம்மா வாங்கும் பிஸ்கட்டிலும் ஜிஎஸ்டி இருக்கிறது என்பதை யாராவது இவனுக்குச் சொல்ல வேண்டாமா? இவன் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் அக்காவும் அதே பஸ்ஸில்தான் வருகிறார். கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

அரசியல் என்றால் கட்சி, கொடி, டிவி விவாதம் என்று நினைத்துக்கொண்டு, ரிமோட்டை அணைத்தால் போதும் என்றிருக்கிறீர்கள். பிள்ளை பார்ப்பது வேறு. அந்த அக்காவுக்குத் தனி டம்ளர் எதற்கு? சான்றிதழ் வாங்கிவந்த அப்பா "கவனிச்சுட்டேன்ல" என்று ஏன் சிரிக்கிறார்? தேர்தலுக்கு முந்தின ராத்திரி வந்த கவரில் எவ்வளவு? எல்லாவற்றையும் அது சேர்த்துவைக்கிறது. கட்சியின் பெயர் கடைசியில்தான் வரும்.

கையில் சாதியைக் காட்டும் கலர் கயிறோடு வரும் பிள்ளைகளும் இப்படித்தான். 2023இல் நாங்குநேரியில் ஒரு மாணவனை வீடு புகுந்து வெட்டிய வழக்கில் பிடிபட்டவர்கள் சக மாணவர்கள். அதன்பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு கயிற்றைத் தடைசெய்யச் சொன்னது. உங்கள் பிள்ளையின் மணிக்கட்டை இன்றைக்கே பாருங்கள், யார் கட்டியது என்று கேளுங்கள்.

செய்தி பார்த்துத் திட்டினால் எதற்குத் திட்டினீர்கள் என்பதையும் சொல்லுங்கள். "எல்லாரும் திருடனுங்க" என்பதோடு முடிக்காதீர்கள். ஓட்டுப்போடப் போகும்போது வாசல்வரையாவது கூட்டிப்போங்கள். பிள்ளை கேள்வி கேட்டால், தயவுசெய்து, "உனக்கெதுக்கு" என்று மட்டும் சொல்லாதீர்கள்.

கிளம்பும்போது பையன் கேட்டான்: "அப்பா, நாம போற ஃப்ளைஓவருக்கு டிக்கெட் எவ்ளோ?" அப்பா என்னைப் பார்த்தார். நான் ஃபைலைப் பார்த்தேன். அடுத்த வாரம் அவரைத் தனியாக வரச் சொல்லியிருக்கிறேன்.